இரண்டே முக்கால் அடி

எங்கள் ஆபீஸ் அலமாரியில் ஒரு டெண்டர் கோப்பு இருக்கிறது. வீடுகளுக்குப் புகையில்லாத அடுப்பு வாங்குவதற்கான கோப்பு. அதன் நிபந்தனைகளில் ஒரு வரி வரும்: 'சாயத்தொட்டியின் விளிம்பு தரையிலிருந்து இரண்டே முக்கால் அடி உயரத்தில் அமைய வேண்டும்.' தணிக்கைக்கு வந்த ஒருவர், இந்த அளவு எந்த அரசாணையில் இருக்கிறது என்று கேட்டார். கள ஆய்வின்படி என்று பதில் எழுதிக் கொடுத்தேன். அவரும் தலையாட்டிவிட்டுப் போனார். அந்த அளவு எந்த அரசாணையிலும் இல்லை. அது என் அக்காவை நிற்க வைத்து அளந்த அளவு.

உள்ளாட்சி ஆபீசில், பொறியியல் பிரிவில் நான் உதவியாளன். டெண்டர் கோப்புகள் என் மேசையில்தான் பிறக்கும், பெரும்பாலும் என் மேசையில்தான் சாகும். ஆபீசின் பெயரை எழுதப் போவதில்லை. இதில் அதன் மேல் பெரிய தப்பு எதுவும் கிடையாது. தப்பு என்னுடையது. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

எனக்கு அங்கே ஒரு பெயர் உண்டு, கை சுத்தமானவன் என்று. காண்ட்ராக்டர் வாங்கிக் கொடுத்தால் டீ கூடக் குடிக்க மாட்டேன். யாராவது இனிப்புப் பெட்டி வைத்துவிட்டுப் போனால் வாட்ச்மேனை விட்டுத் திருப்பி அனுப்புவேன். இந்தப் பெயரைப் பல வருஷமாகப் பொத்திப் பொத்தி வளர்த்தேன். பெற்ற பிள்ளைகளைக்கூட நான் அப்படி வளர்க்கவில்லை என்று என் மனைவி சொல்வாள். அப்போதெல்லாம் எனக்குக் கோபம் வரும். இப்போது வருவதில்லை.

அக்கா எனக்கு ஆறு வயது மூத்தவள். அம்மா விடியற்காலையிலேயே களம்பூர் ரைஸ் மில்லுக்கு வேலைக்குப் போய்விடுவாள். என்னைக் குளிப்பாட்டிப் பள்ளிக்கூடம் அனுப்புகிற வேலை அக்காவுடையது. மார்கழிக் குளிரில் அவள் பச்சைத் தண்ணீரில் குளித்துவிட்டு, எனக்கு மட்டும் விறகடுப்பில் வெந்நீர் வைப்பாள். கேட்டால், தனக்குச் சூடு ஆகாது என்பாள். பிற்காலத்தில் நாள் முழுக்கக் கொதிக்கிற தொட்டிக்கு முன்னால் நின்றவள் சொன்ன காரணம் அது.

அவளை ஆற்றுக்கு அந்தப் பக்கம் கட்டிக் கொடுத்தோம். மாமா பட்டுக்குச் சாயம் போடுகிறவர். வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை, அதில் நீளமான செப்புத் தொட்டி, அடியில் விறகு. கடைக்காரர்கள் கொடுத்தனுப்பும் பட்டு நூலைச் சோப்பும் சோடாவும் போட்டு வேகவைத்துப் பசையை எடுப்பார்கள், பிறகு சாயத்தில் முக்குவார்கள். சிட்டம் என்கிற நூல் கற்றைகளை மூங்கில் கழிகளில் மாட்டித் தொட்டிக்குக் குறுக்கே தொங்கவிட்டு, இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர் என எதிரும் புதிருமாக நின்று திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். கொஞ்சம் அசந்தால் நிறம் திட்டுத் திட்டாகப் பிடித்துவிடும். ஒற்றை ஆளால் ஆகாத வேலை. கல்யாணமான மறு வாரத்திலிருந்து மாமாவுக்கு எதிரே நின்றவள் அக்காதான்.

முப்பது வருஷத்துப் புகை சும்மா விடுமா? இருமல் முதலில் மழைக்காலத்தில் வந்தது, அப்புறம் பனியில் வந்தது, அப்புறம் போகவே இல்லை. வேலூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். டாக்டர் எக்ஸ்ரே படத்தைப் பார்த்துவிட்டு, "பீடி பழக்கம் உண்டாம்மா?" என்று கேட்டார். அக்காவுக்கு அந்த இருமலிலும் சிரிப்பு வந்துவிட்டது.

"பீடி இல்ல சார். வேலிகாத்தான் கட்டை. அது ஒரு நாளைக்கு ஒரு வண்டி."

டாக்டர் சிரிக்கவில்லை. புகைப் பக்கமே போகக்கூடாது, போனால் இதற்கு மேல் தன்னால் ஒன்றும் செய்ய முடியாது என்று என்னைப் பார்த்துச் சொன்னார். திரும்பி வரும்போது கண்ணமங்கலத்தில் பஸ் நின்றது. கொய்யாப்பழம் வாங்கிக் கொடுத்துவிட்டு, வேலையை விட்டுவிடு என்றேன். "உட்டுட்டா மாமாவுக்கு எதிர்ல யார்றா நிப்பா? நீ வந்து நிக்கிறியா?" என்றாள். கொய்யாவை நான்காகக் கிழித்து எனக்கும் ஒன்று நீட்டினாள். எங்களுக்குள் அந்தப் பேச்சு அங்கேயே முடிந்தது.

அந்த வருஷம்தான் எங்கள் ஆபீசுக்குத் திட்டம் வந்தது. வீட்டில் விறகு எரித்துத் தொழில் செய்கிறவர்களுக்குப் புகையில்லாத சூடு கொடுக்க வேண்டும், அதற்கான சப்ளையரை நாங்களே பிடிக்க வேண்டும். வேறொரு ஊரின் நிபந்தனைகளை எடுத்து ஈயடிச்சான் காப்பி அடித்து டெண்டர் போட்டேன். ஒரே ஒருவர்தான் வந்தார். அவர் தூக்கிக்கொண்டு வந்து காட்டியது சோறு வடிக்கிற அடுப்பு. அதன்மேல் சாயத்தொட்டியை வைப்பது, முக்காலி மேல் கட்டிலைப் போடுவது போல.

எங்கள் கமிஷனர் அம்மா கூப்பிட்டுக் கேட்டார். "ஏன் யாரும் வரல?"

"நாம என்ன கேக்கிறோம்னு அவங்களுக்குத் தெரியல மேடம். நமக்கே தெரியல," என்றேன். எத்தனை வீடு, எத்தனை வருஷம், பழுதானால் யார் வந்து பார்ப்பது, எரிக்க எதை எங்கே வாங்குவது, ஒன்றுமே நிபந்தனையில் இல்லை. ஊர் தெரியாதவன் எதை நம்பி வருவான்?

"அப்போ டெண்டருக்கு முன்னாடியே கூப்பிட்டுக் கேளுங்களேன்."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. டெண்டருக்கு முன்னால் சப்ளையர்களோடு உட்கார்ந்து பேசுவதா? அவர் பொறுமையாக வழி சொன்னார். ஒருவரை மட்டும் கூப்பிட்டால்தான் தப்பு. எல்லோருக்கும் அறிவிப்புக் கொடுத்து, ஒன்றாக உட்கார வைத்து, பேசியதையெல்லாம் எழுதி நோட்டீஸ் போர்டில் ஒட்டிவிட்டால் ஒளிப்பதற்கு என்ன இருக்கிறது? சரிதான் என்று பட்டது. அறிவிப்பு கொடுத்தேன். மூன்று பேர் வந்தார்கள். கோயம்புத்தூர்ப் பக்கத்தில் அடுப்புப் பட்டறை வைத்திருக்கும் ஒருவர், சென்னையிலிருந்து சூரிய வெந்நீர்ச் சாதனம் விற்கும் ஒருவர், களம்பூரில் நெல் உமியை அழுத்திக் கட்டையாக்கி எரிபொருளாக விற்கும் ஒருவர்.

கூட்ட அரங்கில் டீ, பிஸ்கட், திரையில் படம். ஒரு மணி நேரம் பேசியும் ஒருவருக்கும் ஒன்றும் பிடிபடவில்லை. கோயம்புத்தூர்க்காரர் கடைசியில் எழுந்து, "ஏனுங், இப்படிப் படத்துல பாத்துட்டிருந்தா வேலைக்காகாதுங். ஒரு வீட்டைக் கண்ணுல காட்டுங்க, போதும்," என்றார். கமிஷனர் என்னைப் பார்த்தார். நல்ல வேலை நாளில், சொன்ன உடனே, தொட்டி கொதித்துக்கொண்டிருக்கிற ஒரு வீடு. எனக்குத் தெரிந்து ஒன்றுதான் இருந்தது.

வெளியே தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய் நின்று போன் செய்தேன்.

"அக்கா, இன்னிக்குத் தொட்டி வெச்சிருக்கியா?"

"வெச்சிருக்கேன்டா, அரக்கு கலரு. இன்னா விஷயம்?"

"அடுப்பு விக்கிறவங்களக் கூட்டிகினு வரேன். நீ எப்டி வேலை செய்யறேன்னு பாக்கணுமாம்."

"வாயேன். இதுக்கு இன்னா கேள்வி?"

"இல்லக்கா… அவங்க எதிர்ல என்னைத் தம்பின்னு கூப்புடாத. சார்னு சொல்லு. தெரிஞ்சா நாளைக்கு ஆளாளுக்கு ஒண்ணு பேசுவாங்க."

அந்தப் பக்கம் தொட்டி கொதிக்கிற சத்தம் மட்டும் கேட்டது.

"சரிங்க சார்," என்றாள். சிரித்தாள். அவள் சிரித்ததால் தப்பில்லை என்று நானே எடுத்துக்கொண்டேன்.

கமிஷனரும் வந்த மூன்று பேருமாக நாங்கள் போனபோது கொட்டகைக்குள் புகையில் ஆள் முகம் தெரியவில்லை. மாமா ஒரு பக்கம், அக்கா ஒரு பக்கம். "வாங்க சார், வாங்க, உள்ள வாங்க," என்று எல்லோரையும் அழைத்தாள். என்னையும் அந்தக் கூட்டத்தோடு சேர்த்தேதான் அழைத்தாள். தோளில் துண்டைச் சரிசெய்துகொண்டு, யாரோ அதிகாரியிடம் ஒதுங்குவது போல எனக்கு வழி விட்டாள். மாமா என் முகத்தைப் பார்க்காமல் கழியைத் திருப்பிக்கொண்டே இருந்தார்.

ஆனால் வேலை என்று வந்ததும் அவளை அடக்க ஆளில்லை. சூடு மெல்ல ஏற வேண்டும், ஏறினது அப்படியே நிற்க வேண்டும், நிறம் பிடித்ததும் சட்டென்று குறைய வேண்டும் என்று விளக்கினாள். "இப்ப கட்டைய வெளிய இஸ்து உட்டா அடங்கிடும். உங்க அடுப்புல எப்டி அடங்கும், சொல்லுங்க," என்று கோயம்புத்தூர்க்காரரை மடக்கினாள். அடுப்புக்குக் காற்று ஊதுகிற காற்றாடியை நிறுத்தினால் தணிந்துவிடும் என்றார் அவர். கரண்டு போனால் என்று கேட்டாள். அவர் தன் நோட்டில் குறித்துக்கொண்டார்.

"அடுப்புக்கு வாய் எந்தப் பக்கம் வெக்கட்டுங் அம்மணி?"

"எம் பக்கமும் வேணாம், அவரு பக்கமும் வேணாம். குறுகலா இருக்குதே அந்த ஓரத்துல வைங்க. நாங்க ரெண்டு பேரும் நெருப்பு மேல நிக்காம நிக்கணும்."

அவர் டேப்பை எடுத்து, தரையிலிருந்து அவள் கை கழியைப் பிடிக்கிற இடம் வரைக்கும் அளந்தார். இரண்டே முக்கால் அடி. ஆண் ஆளுக்குக் கொஞ்சம் தாழ்வாக இருக்குமே என்று களம்பூர்க்காரர் கேட்டதற்கு, "எல்லா ஊட்லயும் எதிர்ல நிக்கிறது பொம்பளதான் சார். அவங்களுக்கு வைங்க, ஆம்பள குனியட்டும்," என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். மாமாவும் சிரித்தார்.

அதன்பிறகு அவள் கேட்டதுதான் அந்த டெண்டரையே தூக்கி நிறுத்தியது. "அடுப்பு வாங்கிடலாம் சார். அதுக்குத் தீனி யார் போடுவா? அடுப்புக்கு ஒருத்தரு, எரிக்கிறதுக்கு ஒருத்தருன்னு உட்டீங்கன்னா, இவரு கட்ட சரியில்லம்பாரு, அவரு அடுப்பு சரியில்லம்பாரு. நடுவுல நாங்க மறுபடியும் பொகையில நிப்போம்." அப்படியென்றால் இரண்டு பேரும் சேர்ந்து ஒரே பொறுப்பாக வர வேண்டும் என்று கமிஷனர் அங்கேயே சொன்னார். கோயம்புத்தூர்க்காரரும் ஒன்று சொன்னார். ஒரு வருஷத்துக்கு மட்டும் ஒப்பந்தம் போட்டால் தன்னால் இங்கே ஆள் வைக்க முடியாது, மூன்று வருஷம் என்று எழுதினால் பழுது பார்க்க ஒருவரை ஊரிலேயே குடிவைப்பேன் என்றார். எல்லாவற்றையும் நான் எழுதிக்கொண்டேன்.

"இன்னும் ஒண்ணு," என்றாள் அக்கா. "வேலை முடிஞ்சப்புறம் அந்தச் சூடு சும்மா போவுது. அதுல குளிக்கத் தண்ணி காஞ்சா நல்லாருக்கும். குழந்தைங்கள்லாம் பச்சத் தண்ணியில குளிக்குதுங்க." சொல்லும்போதே இருமல் வந்தது. வாயைத் துண்டால் பொத்திக்கொண்டு பின்பக்கம் போனாள். சுவருக்கு அந்தப் பக்கம் அவள் இருமுவது நின்றபாடில்லை. நான் எழுந்து போகவில்லை. களம்பூர்க்காரர்தான், "பாவம்பா, தண்ணி யாராவது குடுங்க," என்றார்.

திரும்பி வந்து டீ போட்டுக் கொடுத்தாள். எல்லோருக்கும் கண்ணாடி டம்ளரில் டீ. எனக்கு மட்டும் எவர்சில்வர் டம்ளரில், சர்க்கரை இல்லாமல். எனக்குச் சர்க்கரை வியாதி என்று யாரும் அவளுக்குச் சொல்ல வேண்டியதில்லை. காண்ட்ராக்டர்கள் நடுவே டீ குடிக்காதவன் அன்றைக்குக் குடித்தேன். அந்த நேரத்தில் எனக்கு நன்றி தோன்றவில்லை, யாராவது இந்த வித்தியாசத்தைக் கவனித்துவிட்டார்களா என்றுதான் கண் அலைந்தது. நினைத்தால் இப்போதும் என்னை நானே அறைந்துகொள்ள வேண்டும் போல இருக்கிறது.

சென்னைக்காரர் மட்டும் சும்மா கேட்டார். "சாருக்கு இந்த வீடு எப்படித் தெரியும்?"

நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா சொல்லிவிட்டாள். "சார் வார்டு பக்கம் வருவாரு."

டெண்டர் நல்லபடியாக முடிந்தது. கோயம்புத்தூர்க்காரரும் களம்பூர்க்காரரும் சேர்ந்து எடுத்தார்கள். அக்கா சொன்னது ஒன்று விடாமல் நிபந்தனையில் ஏறியது: ஓரத்து வாய், வெந்நீருக்குப் பக்கக் குழாய், கரண்டு போனால் கையால் சுற்றும் காற்றாடி. கோயம்புத்தூர்க்காரர் கேட்ட மூன்று வருஷத்தை மட்டும் நான் ஏற்றவில்லை. எங்கள் வழக்கம் ஒரு வருஷம். வழக்கத்தை மீறினால் ஏன் என்று கேட்பார்கள். அதற்குப் பயந்து ஒரு வருஷம் என்றே எழுதினேன்.

சோதனைக்கு ஒரு அடுப்பை முதலில் எங்கேயாவது வைத்துப் பார்க்க வேண்டும். "அந்த அம்மணி வீட்டுலயே வெச்சுடலாங்க. அவங்க சொன்னாத்தானுங்க குறை தெரியும்," என்றார் கோயம்புத்தூர்க்காரர். ஒரே வீட்டுக்கே போனால் நன்றாக இருக்காது என்று சொல்லி வேறு வார்டில் வைக்கச் சொன்னேன். அவர் ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

அப்புறம், முதல் கட்டமாக யார் யாருக்கு அடுப்பு என்ற பட்டியல். விண்ணப்பங்களை வரிசைப்படுத்தியபோது, டாக்டர் சீட்டு வைத்திருந்ததால் அக்காவின் பெயர் தானாகவே மேலே வந்து நின்றது. நான் எதுவும் செய்யவில்லை. தகுதி அப்படி. சாயங்காலம் பக்கத்து மேசைக்காரர் பட்டியலை எட்டிப் பார்த்து, "இன்னா சார், நம்ம சொந்தம் யாராவது இருக்காங்களா இதுல?" என்று விளையாட்டாகக் கேட்டார். எல்லாப் பட்டியலுக்கும் அவர் கேட்கிற கேள்விதான் அது. பதிலை எதிர்பார்க்காமல் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

பனை மரத்தடியில் உட்கார்ந்து பாலைக் குடித்தாலும் கள் என்றுதான் ஊர் சொல்லும். பட்டியலைத் திரும்ப எடுத்தேன். அக்காவின் பெயரை இரண்டாம் கட்டத்துக்கு மாற்றினேன். இரண்டாம் கட்டத்தில் முதல் பெயர் அவளுடையதுதான், நாலைந்து மாதத்தில் வந்துவிடும் என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன். மறுநாள் காலை பட்டியல் நோட்டீஸ் போர்டில் ஏறியபோது, கமிஷனர் அதைப் படித்துவிட்டு, "உங்க பட்டியல்னா நான் கண்ணை மூடிகிட்டுக் கையெழுத்து போடலாம்," என்றார். அன்றைக்கு வீட்டுக்கு நடந்து போகும்போது நெஞ்சு நிமிர்ந்திருந்தது. எவ்வளவு பெரிய முட்டாள்.

மார்கழியில் அக்கா தெருவில் நாலு வீட்டுக்கு அடுப்பு வந்தது. நல்ல அடுப்பு. புகை கூரைக்கு மேல் ஒரு நூல் அளவுக்குத்தான் தெரியும். பக்கத்து வீட்டு அம்மாள், "உங்க பேரு விட்டுப்போச்சா? நீங்கதான காட்டிக் குடுத்தீங்க?" என்று அக்காவிடம் கேட்டிருக்கிறாள். பொங்கல் சீர் எடுத்துக்கொண்டு நான் போனபோது அக்கா அதைச் சொன்னாள். அரிசி, வெல்லம், கரும்பு, புடவை, புதுப் பானை எல்லாவற்றையும் தாம்பாளத்தில் ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

"பானை வெச்சிகினு வந்துட்ட. அடுப்பு எங்க சார்?"

கிண்டல்தான். என்னால் சிரிக்க முடியவில்லை. இரண்டாம் கட்டத்தில் அவள் பெயர்தான் முதலில் இருக்கிறது என்றேன். நானே மாற்றியதையும் சொன்னேன். ஏன் என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால், திட்டியிருந்தால், ஒருவேளை நான் அன்றைக்கே போய் மாற்றியிருப்பேன். "உன் வேலைக்குக் கெடுதல் வராம பாத்துக்கோ. நான் இத்தினி வருஷம் பாக்காத பொகையா?" என்று சொல்லிவிட்டுப் புடவையைப் பிரித்துப் பார்த்தாள். நிறம் நன்றாக இருக்கிறது, ஆனால் சாயம் நிற்காது என்றாள்.

கோயம்புத்தூர்க்காரரிடம் நானே ஒரு அடுப்பைக் காசு கொடுத்து வாங்கலாம் என்று நினைத்தேன். போன் செய்தேன். "தாராளமா ஒண்ணு செஞ்சு தாரேனுங். யார் வீட்டுக்குங்க?" என்று கேட்டார். ஒப்பந்தக்காரரிடமிருந்து அதிகாரி அடுப்பு வாங்கினான், அதுவும் அக்கா வீட்டுக்கு என்றால் ஊர் என்ன சொல்லும்? அப்புறம் பேசுகிறேன் என்று வைத்துவிட்டேன். அந்த அப்புறம் வரவே இல்லை.

ஒரு வருஷ ஒப்பந்தம் முதல் கட்டத்தோடேயே முடிந்தது. புதிதாக டெண்டர் போடப் போகும் நேரத்தில் தேர்தல் வந்தது, கோப்பு நின்றது. தேர்தல் முடிந்ததும் கமிஷனருக்கு மாற்றல் வந்தது. புதிதாக வந்தவர் எல்லாக் கோப்பையும் முதலிலிருந்து படிக்க வேண்டும் என்றார். அது நியாயம்தான். கோயம்புத்தூர்க்காரருக்கு வேறு மாவட்டத்தில் மூன்று வருஷ வேலை கிடைத்து அங்கே போய்விட்டார். அவரும் எத்தனை நாள் காத்திருப்பார்? மூன்று வருஷம் என்று நான் எழுதியிருந்தால் இந்தத் தேர்தலும் மாற்றலும் ஒன்றும் செய்திருக்காது. அடுப்பு பாட்டுக்கு வந்துகொண்டிருக்கும்.

ஐப்பசியில் மழை பிடித்தது. ஈர விறகு. ஈர விறகின் புகை கண்ணுக்குத் தெரிகிற புகை மட்டும் இல்லை. இரண்டு நாளுக்கு ஒருமுறை போய்ப் பார்த்தேன். வேலையை நிறுத்து என்று கத்தினேன். தீபாவளி முடிந்து கல்யாணச் சீசன், கைமேல் வேலை, மாமா மட்டும் என்ன செய்வார்? "உன் ரெண்டாங்கட்டம் எந்த பஸ்ல வந்துகினு கீது?" என்று கேட்டாள். அதற்கு மேல் பேச மூச்சில்லை.

கார்த்திகைக் கடைசியில் ஒரு மத்தியானம் மாமா ஆபீசுக்கே போன் செய்தார். அப்படியே கிளம்பிப் போனேன். வேலூருக்குக் காரில் போகும்போது அக்கா என் தோளில் சாய்ந்துகொண்டு ஒவ்வொரு மூச்சையும் கிணற்றிலிருந்து இழுப்பது போல இழுத்தாள். கண்ணமங்கலம் தாண்டும்போது வெளியே கையைக் காட்டினாள். கொய்யாப்பழக்காரன் நின்றிருந்தான்.

ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் வைத்தார்கள். மாமா மருந்து வாங்கக் கீழே போயிருந்தார். நர்ஸ் கையில் ஒரு தாளோடு வந்து, ரத்த சொந்தம் யாராவது கையெழுத்துப் போட வேண்டும் என்றாள். என் கழுத்தில் ஆபீஸ் அடையாள அட்டை தொங்கிக்கொண்டிருந்தது. கழற்ற மறந்திருந்தேன். அவள் அதைப் பார்த்துவிட்டு, "சார் ஆபீஸ்லேந்து வந்திருக்கீங்களா?" என்றாள். பிறகு அக்கா பக்கம் குனிந்து, "இவர் உங்களுக்கு யாரும்மா?" என்று கேட்டாள்.

அக்கா மூக்கின் மேலிருந்ததை ஒரு விரலால் தூக்கினாள். என்னைப் பார்த்தாள்.

"சொல்லட்டுமாடா?"

கிண்டல் இருக்கிறதா என்று அவள் முகத்தில் தேடினேன். இல்லை. எங்கே யார் இருக்கிறார்களோ, என் வேலைக்கு என்ன ஆகுமோ என்று அந்த மூச்சிலும் யோசித்து, உண்மையாகவே என்னிடம் அனுமதி கேட்டாள். என் கூடப்பிறந்தவள்.

"தம்பி! கூடப்பொறந்த தம்பி!" என்று கத்தினேன். வார்டு முழுக்கத் திரும்பிப் பார்த்தது. நர்ஸ் பயந்துபோய், சரி சார், சரி சார், இங்கே போடுங்க என்று தாளை நீட்டினாள். அக்கா கண்ணை மூடிக்கொண்டாள். உதட்டில் சிரிப்பு மாதிரி ஒன்று இருந்தது, அல்லது எனக்கு அப்படித் தோன்றியது.

மார்கழி பிறந்து நாலாம் நாள் போய்விட்டாள். வீட்டுக்குக் கொண்டுவந்து குளிப்பாட்ட வெந்நீர் வைத்தார்கள். பக்கத்து வீட்டுப் புது அடுப்பில்தான் வைத்தார்கள். பக்கக் குழாயில் தண்ணீர் காய்ந்து வந்தது. அவள் கேட்டு வைக்கச் சொன்ன குழாய்.

மாற்றலாகிப் போன கமிஷனர் அம்மா விஷயம் கேள்விப்பட்டுப் போன் செய்தார். எல்லாவற்றையும் சொன்னேன். "அக்கான்னா என்ன? தகுதி இருந்தா கொடுக்கலாம்னுதானே விதி? என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, உறவுக்காரர்னு பக்கத்துலயே குறிச்சு நானே கையெழுத்து போட்டிருப்பேனே," என்றார். அவ்வளவு சுலபமான வேலை அது. ஒரு வரி, ஒரு கையெழுத்து.

அடுத்த வைகாசியில் இரண்டாம் கட்டம் வந்தது. இந்தத் தடவை மூன்று வருஷம் என்று எழுதினேன். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. மூன்று வருஷம் என்றதும் கோயம்புத்தூர்க்காரர் திரும்பி வந்தார். பட்டியலில் முதல் பெயர் அக்காவுடையது. அதை மாமா பெயருக்கு மாற்றி, உறவு என்று பக்கத்தில் எழுதி, புது அதிகாரியிடம் கையெழுத்து வாங்கினேன். முதல் அடுப்பைப் பொருத்துகிற அன்றைக்கு நானும் போனேன்.

கோயம்புத்தூர்க்காரர் கொட்டகைக்குள் நுழைந்ததும் இடம் பிடிபட்டுவிட்டது. "அட, இது அந்த அம்மணி வீடல்லங்க? எங்கீங் அவங்க? அவங்க சொன்ன கைக்காத்தாடிதானுங்க இப்ப எல்லா ஊருக்கும் போடறோம்," என்று உற்சாகமாகப் பேசிக்கொண்டே வந்தவர், சுவரில் மாலை போட்ட படத்தைப் பார்த்து நின்றுவிட்டார். துண்டைத் தோளிலிருந்து எடுத்தார்.

"எங்க அக்கா," என்றேன்.

அவருக்குப் புரியச் சிறிது நேரம் பிடித்தது. படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "சார், அன்னைக்கே சொல்லியிருந்தா மொத அடுப்பை இங்கதானுங்க வெச்சிருப்பேன்," என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன்.

அடுப்பை வைத்து, தொட்டியை ஏற்றி, உமிக்கட்டை போட்டுக் காற்றாடியைச் சுற்றினார்கள். கொட்டகையில் எல்லார் முகமும் தெரிந்தது. மாமா நூல் சிட்டங்களைக் கழியில் மாட்டி அவருடைய பக்கத்தில் போய் நின்றார். அக்கா போனதிலிருந்து கூலிக்கு ஒரு பெண் வந்து எதிரே நிற்பாள், அன்றைக்கு அவள் வரவில்லை. மாமா எதிர்ப்பக்கத்தைப் பார்த்துக்கொண்டு சும்மா நின்றார். நான் செருப்பைக் கழற்றிவிட்டு அக்கா நிற்கிற இடத்துக்குப் போனேன். கழியைப் பிடிக்க நன்றாகக் குனிய வேண்டியிருந்தது.

"அளவு சரியா இருக்குதுங்களா சார்? வேணும்னா ரெண்டு செங்கல் வெச்சு ஏத்தித் தாரேனுங்," என்றார் கோயம்புத்தூர்க்காரர்.

"ஏத்தாதீங்க," என்றேன். "அக்காவுக்குச் சரியா இருக்கும்."